மாமா பெண் பார்க்க வராத நாள்

என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் மனிதர்களிடம் பேச மாட்டாள், பாத்திரங்களிடம் பேசுவாள். அந்த ஆனி மாதம் முழுக்க எங்கள் உறையூர் வீட்டுச் சமையற்கட்டில் குண்டானும் அண்டாவும் பட்ட பாடு கொஞ்சமில்லை. "இருபத்தஞ்சு வயசாச்சு. என்ன வேலைன்னு கேட்டா பந்து அடிக்கிறேங்கிறான். அதுக்குப் பேரு வேலையா?" என்று குண்டானைக் கேட்பாள். குண்டான் என்ன சொல்லும்?

அம்மா சொன்ன 'அவன்' அவளுடைய ஒரே தம்பி, என் மாமா. பூப்பந்தாட்டக்காரர். வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் நின்றுகொண்டு மஞ்சள் கம்பளிப் பந்தை பேட்டால் அடித்துக்கொள்ளும் ஆட்டம் அது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் பக்கத்தில் சினிமாவுக்கு அடுத்தபடி ஜனங்கள் கூடியது அந்த ஆட்டத்துக்குத்தான். கொஞ்சம் வசதி வந்துவிட்ட வியாபாரி ஒவ்வொருவரும் ஒரு டீம் வைத்துக்கொள்வது அந்நாளில் வழக்கம். சிலர் குதிரை வைத்துக்கொள்வார்கள், சிலர் டீம் வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அப்பாவின் கருத்து. "குதிரைக்காவது வருஷம் பூரா கொள்ளு வைப்பாங்க" என்பார்.

அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மாமாவை முதலில் ஒரு சுருட்டு வியாபாரி 'கணக்குப்பிள்ளை' என்று வேலைக்கு வைத்தார். மாமா அங்கே கணக்கு எழுதி யாரும் பார்த்ததில்லை. பந்தயங்கள் முடிந்ததும் கணக்குப்பிள்ளை வேலையும் முடிந்தது. மறு வருஷம் ஒரு நகைக்கடைக்காரர். அதற்கடுத்து ஒரு பஸ் முதலாளி. ஒவ்வொரு தடவையும் மாமா புது பனியனோடு வீட்டுக்கு வந்து, "இவரு வேற மாதிரிக்கா, தங்கமான மனுசன்" என்பார். ஒவ்வொரு தடவையும் அம்மா நம்பினாள். அதுதான் அவளுக்குத் தன் மேலேயே வந்த எரிச்சல்.

பஸ் முதலாளி மட்டும் ஒரு படி மேலே போய், கோப்பையை வாங்கிக் கொடுத்தால் மைதானத்திலேயே செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு உத்தரவு தருவதாக நாலு பேர் முன்னிலையில் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை. அந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் பெண் தேடினார்கள். தென்னூரில் ஒரு கோர்ட்டு குமாஸ்தாவின் மூத்த பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். "வேலை நிரந்தரம்னா எனக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றார் பெண்ணின் அப்பா. ஆனி கடைசிப் புதன்கிழமை பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்க முடியாது.

ஸ்ரீரங்கத்தில் நடக்க இருந்த இறுதிப் பந்தயம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஞாயிறன்று காவேரிப் பக்கமிருந்து அடித்த காற்றில் கம்பளிப் பந்து வலையைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, தென்னந்தோப்பில் போய் விழுந்தது. பந்தயத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

"மூணு மணிக்கு ஆட்டம் ஆரம்பிச்சா நாலுக்கு முடிஞ்சிரும்க்கா. உத்தரவக் கையில வாங்கிட்டு நேரா தென்னூர் வந்துர்றேன். வேட்டி சட்டையெல்லாம் பையில வச்சுக்கிட்டேன்" என்றார் மாமா. அம்மா அதையும் நம்பினாள்.

மாப்பிள்ளை இல்லாமல் நாங்கள் மட்டும் தாம்பாளமும் பழமுமாகத் தென்னூர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். எனக்குப் பத்து வயது. பெண்ணை உள் அறையில் எட்டிப் பார்த்தேன். அரக்குப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காபி வந்தது. மாப்பிள்ளைதான் வரவில்லை. ஐந்தாயிற்று. பெண்ணின் தம்பியைச் சைக்கிளில் அனுப்பினார்கள். போனவனும் திரும்பவில்லை.

"ஏழரை வரைக்கும்தாங்க நல்ல நேரம்" என்று பெண்ணின் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் போய் இழுத்துட்டு வரேன்" என்று எழுந்தார். "நானும் வரேங்க. மாப்பிள்ளைய ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று பெண்ணின் அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இவளையும் கூட்டிட்டுப் போங்க. இவ அழுதாதான் அவன் அசைவான்."

குதிரை வண்டி காவேரிப் பாலத்தில் ஏறும்போது காற்று சற்று அடங்கியிருந்தது. வழி நெடுக நான் அழுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. எதிரணி துறையூர் அரிசி மில்காரருடையது. தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்களைக் காசு கொடுத்துக் கொண்டுவந்திருந்தார். காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து ஐந்து மணிக்குத்தான் ஆட்டத்தை ஆரம்பித்தார்களாம். ஆளுக்கு ஒரு கேம் ஜெயித்து, மூன்றாவது கேம் நடந்துகொண்டிருந்தது. கயிற்றோரமாகப் பெண்ணின் தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் அப்பா காதைப் பிடித்தார். "இருங்கப்பா, இந்தப் பாயின்ட் முடியட்டும்" என்றான் அவன்.

"யாரும்மா உங்க மாமா?" என்று அவர் என்னைக் கேட்டார். பின்வரிசையில் இடது கையில் பேட்டோடு நின்றவரைக் காட்டினேன். சரியாக அந்த நேரம் பந்து மாமா தலைக்கு மேலே போயிற்று. மாமா பின்னாலேயே ஓடி, உடம்பை வளைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடித்தார். பந்து எதிரணியின் கோட்டு ஓரத்தில் செத்து விழுந்தது.

"அட!" என்றார் பெண்ணின் அப்பா.

எங்களைப் பார்த்துவிட்ட மாமா, கையைக் காட்டி 'இதோ' என்றார். அப்பா கயிற்றைத் தாண்டிப் போய்ச் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா குடையை மடக்கிப் பேட் மாதிரி பிடித்துக்கொண்டு, "மேல தூக்காதே, மேல தூக்காதே, அழுத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார். அழலாமா வேண்டாமா என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இருபத்தொன்பது பாயின்ட் எடுத்தால் ஜெயிப்பு. எங்கள் பக்கம் இருபத்து நாலு, அவர்கள் பதினேழு. அப்போதுதான் பஸ் முதலாளி பிரம்பு நாற்காலியிலிருந்து கோச்சைக் கூப்பிட்டார். கோச் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முரட்டு மீசைக்காரர். மாமாவே அவருக்குப் பயப்படுவார். நாங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றோம், எல்லாம் காதில் விழுந்தது.

"நம்ம பயல இறக்குங்க."

முதலாளியின் மகன் பக்கத்திலேயே கஞ்சி போட்ட வெள்ளை நிக்கரில் தயாராக நின்றான். அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு பந்தயத்திலும் ஆடியதில்லை.

"முதலாளி, இன்னும் அஞ்சு பாயின்ட்டுதானுங்க. முடிஞ்சிரட்டுங்க."

"முடிஞ்சப்புறம் போட்டோ எடுக்கும்போது அவன் எப்படிய்யா நிப்பான்? கொஞ்சமாச்சும் வேர்வையோட நிக்கணும், ஆடுனவன் மாதிரி."

போட்டோக்காரர் கறுப்புத் துணியும் மூன்று கால் பெட்டியுமாக அந்தப் பக்கம் காத்திருந்தார். அவரை வரவழைத்ததே முதலாளிதான்.

கோச் மீசையைத் தடவினார். அவர் மூத்த பிள்ளை முதலாளியின் பஸ்ஸில்தான் கண்டக்டர். பிறகு விசிலை ஊதினார். யாரை வெளியே எடுக்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை, மாமா பக்கம் கையை மட்டும் நீட்டினார். மாமாவுக்குப் புரியவில்லை. "என்னையா?" என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். வெளியே வந்தவரிடம் முதலாளியின் மகன், "அந்த பேட்டையும் குடுங்க. என்னுது கம்பி லூசா இருக்கு" என்றான். மாமா கொடுத்தார். இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். கொடுத்தாரே!

பக்கத்தில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரங்கா, ஆடத் தெரிஞ்ச பிள்ளையாண்டானை எதுக்கு வெளில அனுப்பறா? புத்தி பேதலிச்சுடுத்தா இவாளுக்கு?"

துறையூர் ஆட்கள் முட்டாள்கள் இல்லை. அடுத்து வந்த பந்து அத்தனையையும் அந்தப் பையன் மேலேயே போட்டார்கள். அவன் ஒன்றை வலையில் அடித்தான், ஒன்றைத் தோப்புக்கு அனுப்பினான், ஒன்றை மூக்கில் வாங்கிக்கொண்டான். வெளியே எடுத்த ஆளைத் திரும்ப இறக்கக் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் விதி. மாமா கயிற்றோரம் குந்தியபடி, பேட் இல்லாத இடது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். இருபத்து நாலு இருபத்து ஆறாயிற்று, அதோடு நின்றது. கோப்பை துறையூருக்குப் போனது. வேர்வை சொட்ட முதலாளியின் மகன் நின்றான். போட்டோக்காரர் அரிசி மில்காரர் பக்கம் பெட்டியைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா முதலாளியிடம் போய்க் கும்பிட்டார். "ஐயா, அந்த வேலை விஷயம்..."

"கப்பு வந்தா வேலைன்னு சொன்னேன். கப்பு எங்க?"

"நீங்கதானேங்க அவன வெளிய எடுத்தீங்க?"

"அவரு முன்னாடியே சட்டுனு முடிச்சிருந்தா நான் ஏங்க எடுக்கப் போறேன்?"

எங்களுக்காகப் பாய்ந்தது பெண்ணின் அப்பாதான். "யோவ், மனுசனாய்யா நீ? பேட்டப் பிடிக்கத் தெரியாதவன இறக்கிவிட்டு ஒரு ஆட்டத்தையே கெடுத்துட்டியே!" என்று குடையை ஓங்கினார். கோர்ட்டில் இருபது வருஷம் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தவர் என்று பிற்பாடு சொன்னார்கள். நாலு பேர் பிடித்து விலக்கினார்கள். முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

"கெளம்பு. வேட்டிய மாத்திக்க. பொண்ணையாவது பாத்துட்டு வரலாம்" என்று அப்பா மாமாவிடம் சொன்னார்.

"வேணாம் மச்சான். தோத்த மூஞ்சியோட எப்படி வர்றது?" என்றார் மாமா. காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "இந்தக் காத்துல பந்தத் தாழ வச்சுத்தான் ஆடணும். அவன் தூக்கித் தூக்கி அடிச்சான், கவனிச்சீங்களா?" என்றார். அப்பா ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமாவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தையில் அந்த அரிசி மில்காரரே அவரைத் துறையூருக்கு அழைத்துக்கொண்டார். 'ஸ்டோர் கீப்பர்' என்று பெயர். "இவரு வேற மாதிரிக்கா" என்று மாமா வந்து நின்றபோது அம்மா கரண்டியை வீசினாள். முழங்கால் போகும்வரை ஆறேழு முதலாளிகளுக்கு ஆடினார். பிறகு ஒரு மில் டீமுக்குக் கோச்சானார். அங்கேயும் முதலாளிக்கு ஒரு மகன் இருந்தான் என்று மட்டும் சொல்வார், அதற்கு மேல் சொல்ல மாட்டார். கல்யாணம் முப்பத்து நாலு வயதில் நடந்தது.

அன்று தென்னூருக்குத் திரும்பும் வழியில் குதிரை வண்டிக்குள் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "பையனோட ஆட்டத்த நீங்களே பாத்தீங்க..."

"பாத்தேங்க. அப்பேர்ப்பட்ட ஆட்டம் நான் பாத்ததில்ல" என்றார் பெண்ணின் அப்பா. பாலத்தின் பாதியில் குடையை மடியில் கிடத்திக்கொண்டார். "ஆனா ஆட்டம் வேறங்க, பொண்ணு வேற. தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டில் அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அம்மா தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பழத்தை வைப்பதா திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றாள். நான் உள் அறைக்குப் போனேன். அந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, உங்க மாமா டீம் ஜெயிச்சுதா?"

"தோத்துருச்சு."

"நெசமாவா? வேலை?"

"இல்லேன்னு சொல்லிட்டாங்க. உங்க அப்பா குடையால அடிக்கப் போனாங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைத் திருப்பி உட்கார வைத்து, தன் தலையிலிருந்த மல்லிகை முழுவதையும் எடுத்து என் பின்னலில் சுற்றிச் சுற்றி வைத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த கஷ்டத்துக்கு ஆறுதலாக வைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல மனசு!

"இனிமே நீங்க என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"டீச்சர் ட்ரெயினிங்குக்கு எடம் கெடச்சிருக்கு. கல்யாணம் கூடிட்டா அதெல்லாம் வேணாம்னு அப்பா சொல்லியிருந்தாரு. இப்ப போகலாம். ரெண்டு வருஷம் படிக்கணும்" என்றாள்.

மறு நாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. படிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு தடிப்பயல் ஒழுங்காகப் பந்தடிக்காததால் இந்த அக்கா பட்டுப் புடவையைக் கழற்றிவிட்டு இரண்டு வருஷம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று முதலாளி மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

ஆடி முதல் வெள்ளிக்கு வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனபோது அம்மா தன் தம்பிக்காக வேண்டிக்கொண்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தத் தென்னூர் அக்காவை எப்படியாவது படிப்பிலிருந்து காப்பாற்றிவிடு தாயே என்று மனமுருகக் கேட்டுக்கொண்டேன்.