பேசாத இருவரில் எங்கள் அண்ணா

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து இந்த வாரத்துடன் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். "எல்லாரும் எழுதுற மாதிரி எழுத வேண்டாம் மச்சாள். நடந்ததை எழுதுங்கோ. உங்கட கொண்ணருக்கும் அதுதான் விருப்பமாயிருக்கும்" என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். வாசிக்கும் உறவினர்களில் சிலருக்கு இது கசக்கலாம். எழுதும் எனக்கும் கசப்பாகவே இருக்கிறது.

அண்ணா ஊர்காவற்றுறையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பத்து வருடம் கழித்து நான் பிறந்தேன். வேறு பிள்ளைகள் இல்லை. ஐயா காய்ச்சலில் இறந்தபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. அடுத்த கிழமையே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சங்கக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த முடிவை அவர் யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. காலையில் அவர் சீருடை போடாமல் சாரத்துடன் வெளிக்கிட்டதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விளங்கியது.

எண்பதுகளின் கடைசியில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தார். முதல் வேலை, கண் தெரியாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பராமரிப்பது. குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, காலையில் பத்திரிகை வாசித்துக் காட்டுவது. அண்ணாவுக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எழுத்தைக் கூட்டிக் கூட்டி, பொருள் விளங்காமலே வாசித்தார். கிழவர் உச்சரிப்பைத் திருத்துவார். ஒரு வருடம் போனபின், வாசித்த செய்தியைப் பற்றி இருவரும் மணிக்கணக்காக விவாதித்தார்கள் என்று அந்த வீட்டார் சொன்னபோது எங்கள் ஆட்கள் நம்பவில்லை. அண்ணா பேசுவாரா என்று கேட்டார்கள். ஒருவரோடு ஒருவராக இருந்தால் பேசுவார். நாலு பேர் கூடினால் மௌனமாகிவிடுவார். அவ்வளவுதான்.

ஆசிரியர் காலமானபின் பிரான்காச்சோவில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையொன்றில் சேர்ந்தார். ஒரேத்தோவில் வீடு எடுத்தார். அண்ணியை அழைத்தார், பிறகு என்னையும் அழைத்தார். நான் வந்த வருடம் நகரத்தின் சந்திகளில், மாஃபியாவை அடக்க அனுப்பப்பட்ட இராணுவத்தினர் துவக்கோடு நின்றார்கள். ஊரில் இராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்த எனக்கு, முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் நகரவில்லை. அண்ணா "பயப்பிடாதை" என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கும் சிப்பாய்க்கும் நடுவில் வந்து நடந்தார். அந்தக் கோடை முழுவதும், எந்தத் தெருவில் போனாலும், சிப்பாய் நிற்கும் பக்கம் மாறிமாறி நடந்தார்.

இனி மற்றவரைப் பற்றி எழுத வேண்டும். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் பதினொரு மாதம் என் கணவராக இருந்தவர்.

யாழ்ப்பாணத்தின் வேறொரு தீவைச் சேர்ந்தவர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் வேலை. ஞாயிறுகளில் ரயிலேறித் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருவார். பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக் கதைக்கும்போது அண்ணாவும் அவரும் ஒரே சுவரோரம் நிற்பார்கள். இருவரும் குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை, ஒருவரைப் பற்றியும் குறை சொல்வதில்லை. கேட்டால் ஒரு சிரிப்பு. "ரெண்டு பேரும் இண்டைக்கு ஒரு மணித்தியாலம் கதைச்சவை, சத்தம்தான் வரேல்லை" என்று மண்டபத்தில் பகிடி விடுவார்கள். ஒரே தாய் பெற்றதுகள் மாதிரி என்றார்கள்.

எனக்குக் கலியாணம் பேச வேண்டும் என்று அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அவர் நல்லவர். என்னை மாதிரி ஆள்."

எனக்கு வேறு சிபாரிசு தேவைப்படவில்லை. அண்ணாவை மாதிரி ஒருவர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அப்படியே போனேன்.

கோயில் மூப்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து முறைப்படி பேசினார். நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பிள்ளையைப் பாத்திருக்கிறியள். உங்களுக்குச் சம்மதமோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"வேற யோசினை ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கோ. பிழையில்லை."

அவர் சிரித்தார். மூப்பர் அண்ணாவைப் பார்த்தார்.

"ஓம் எண்டதுதான்" என்றார் அண்ணா. "எங்களுக்கு உதெல்லாம் வாயாலை சொல்ல வராது."

அன்றைய 'ஓம்' அண்ணாவுடையது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திருமணப் பூசையில் சுவாமி கேட்டபோது அவர் சொன்ன சம்மதம் எனக்கே கேட்கவில்லை. சுவாமி மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் வாயால் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றபடி அவர் என்னிடம் பொய் பேசியதில்லை. எதையுமே பேசியதில்லை.

இருவரும் ஒரே மாதிரி இல்லை என்பது எனக்குச் சிறுகச் சிறுகத்தான் தெரிந்தது. குவெஸ்துரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெசோ எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நாங்கள் மூவரும் ஒருமுறை வரிசையில் நின்றோம். ஒரு வயதான பெண்ணைச் சிலர் பின்னுக்குத் தள்ளினார்கள். அண்ணா வாய் திறக்காமல் தன் இடத்தை அவவுக்குக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனார். அடுத்த மாதம் மற்றவர் தன் அலுவலுக்குத் தனியாகப் போனார். பின்னால் வந்தவர்களெல்லாம் அவரை முந்திப் போக விட்டிருக்கிறார். அவர் முறை வருமுன் ஜன்னலை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் "முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். சிரித்தார். முடியவில்லை என்பது மூன்று கிழமை கழித்து வேறொருவர் மூலம் தெரிந்தது.

அண்ணாவிடம் ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வராது. அடுத்த நாள் வரும், ஆனால் வரும். மற்றவரிடம் மூன்று முறை கேட்டால் நான்காவது முறை பதிலை நாங்களே சொல்லிவிடுவோம். அவர் அதை மறுக்கமாட்டார். அண்ணா மனதில் ஒரு முடிவு இருக்கும், அதனால் பேசமாட்டார். மற்றவர் முடிவைத் தள்ளிப்போடுவதற்காகப் பேசமாட்டார். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

கலியாணமாகிப் பத்தாம் மாதம், தோட்டத்து வேலை கூடிவிட்டது, அங்கேயே தங்க வேண்டும் என்பதுபோல் ஏதோ நான் விளங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் வந்தார். பிறகு ஒரு சனி வரவில்லை, அடுத்த சனியும் வரவில்லை. நான் ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனேன்.

மாளிகையின் பின்புறத்தில் தோட்டக்காரன் வீடு. அவர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு "பப்பா" என்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு மொரிசியஸ் பெண் வந்தாள். என்னைப் பார்த்து முகம் மலர்ந்து இத்தாலிய மொழியில் கேட்டாள்: "நீங்கள்தானே ஒரேத்தோவில் இருக்கிற தங்கச்சி?"

நான் அவரைப் பார்த்தேன். தண்ணீர் அவருடைய சப்பாத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை, மனைவி" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அவளுக்கும் அவர் பொய் சொல்லவில்லை. முதலில் இரவுகளில், பிறகு சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று கேட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறார், தங்கச்சி வீட்டுக்கோ என்று அவளே கேட்டிருக்கிறாள், அதற்கும் சிரித்திருக்கிறார். எங்கள் இருவரையும் ஏமாற்ற அவர் ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை.

நான் அண்ணா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணா என் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது துக்கம் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணா எதிரில் வந்து அமர்ந்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். உன்ரை கலியாணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் பட்டறை வேலையாப் பகேரியாவுக்குப் போனனான். ஸ்டேசனிலை அவரைக் கண்டனான். ஒரு பொம்பிளையும் நிண்டவ. ஒரு பிள்ளை அவரின்ரை தோளிலை இருந்தது."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவரைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். அடுத்த ஞாயிறு. ஆர் அந்தப் பிள்ளை எண்டு கேட்டனான். அவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்."

"பிறகு?"

"பிறகு கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

"என்னட்டை ஆரும் அப்பிடிக் கேட்டு நான் பேசாமல் நிண்டா, அது வேற ஒராளின்ரை மானத்தைக் காப்பாத்திறதுக்காத்தான் இருக்கும். அவரும் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"கட்டினது நானெல்லோ? என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"ஓம். சொல்லியிருக்கோணும். பிழை என்ரை."

இதை அவர் சொல்லாமலே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவராகவே வந்து சொன்னார். இன்று இதை எழுதும்போது அந்தப் பெருமை விளங்குகிறது. அன்று எனக்கு அது விளங்கவில்லை. மற்றவரை நான் அறிந்தது பதினொரு மாதம். அண்ணாவை நான் பிறந்த நாளிலிருந்து அறிவேன். தெருவில் நின்ற சிப்பாய்க்கும் எனக்கும் நடுவில் நடந்த மனிதர், என் வாழ்க்கையில் வந்த ஆபத்தைக் கண்ணால் கண்டும் விலகி நின்றிருக்கிறார். மற்றவர் செய்தது எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணா செய்ததுதான் வலித்தது.

அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு, நான் வீட்டு வேலை செய்த எசமானியான சிஞ்ஞோராவின் வீட்டோடு தங்கப் போய்விட்டேன். எட்டு மாதம் அண்ணாவுடன் பேசவில்லை.

இங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. முதல் வியாழன் நான் வெளியே வந்தபோது அண்ணா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். நான் மற்றப் பக்கம் திரும்பிப் போனேன். அவர் கூப்பிடவில்லை, பின்னால் வரவுமில்லை. அடுத்த வியாழனும் நின்றார். பட்டறையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எட்டு மாதமும், ஒரு வியாழன் தவறாமல் வந்து நின்றார். நான் ஒருநாளும் கடந்து போய்ப் பேசவில்லை.

பிறகு ஒரு வியாழன் அவர் நின்ற இடத்தில் அண்ணி நின்றார்.

இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதன்பின் நான்கு மாதம் இருந்தார். நான் பின்னேரங்களில் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் கடிதம், அடுத்த கட்டிலில் இருந்தவரின் குறட்டை எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தோம். அந்த விடயத்தை மட்டும் தொடவில்லை. கடைசிக் கிழமையில் ஒருநாள் அவராகவே கேட்டார்.

"இன்னும் கோவமோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"ஓம்" என்றேன்.

அண்ணா சிரித்தார். "நல்லது. நீயாவது வாய் திறந்து சொல்லிப்போட்டாய்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். கோபம் போகவில்லை. கையையும் விடவில்லை. நாலாம் நாள் காலை, அண்ணியும் பிள்ளைகளும் நானும் சுற்றி நிற்க, அமைதியாகக் கண்மூடினார். அவருக்கு நாற்பத்தொரு வயது.

அடக்கத்தன்று மற்றவர் வந்திருந்தார். மயானத்தின் படிகளில் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் இடறியபோது, கூட்டத்திலிருந்து வந்து தோள் கொடுத்தவர் அவர். எல்லாம் முடிந்தபின் நான் அவரிடம் போனேன்.

"ஏன் வந்தனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். இந்த முறை அவருக்காக நான் பதில் சொல்லவில்லை. காத்து நின்றேன். சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

"அவர் என்னை ஒருக்கால்தான் கேட்டவர்" என்றார் கடைசியில். "இன்னொருக்கால் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நீண்ட பேச்சு அது. அதிலும் பாரத்தை, அப்போதுதான் மண் மூடிய என் அண்ணாவின் தலையில் வைத்தார்.

"உண்மை சொல்லுறதுக்கு ஒருக்கால் கேட்டதே போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அண்ணாவின் நோய்க்காலத்தில் வந்து செபித்து, இறுதிப் பூசையை நிறைவேற்றிய சுவாமிக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், முறை வைத்து இரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், கடைசி நாள்வரை அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுக்காத பட்டறை உரிமையாளருக்கும், என்னை வியாழன் மட்டுமல்ல, எல்லாப் பின்னேரமும் ஆஸ்பத்திரிக்குப் போகவிட்ட சிஞ்ஞோராவுக்கும், முப்பத்தோராம் நாள் சமைத்துப் பரிமாறிய ஒரேத்தோ வீட்டுப் பெண்களுக்கும், தூரத்திலிருந்து கடிதம் எழுதிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அண்ணாவைப் பத்து வருடம் கேட்டுக் கேட்டுப் பேச வைத்த அண்ணிக்கு என் தனிப்பட்ட நன்றி.

பெட்டியைச் சுமந்த ஆறு பேருக்கும் நன்றி. ஏழாவதாகத் தோள் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரும் சுமந்தார். அது நடந்தது, ஆகவே எழுதியிருக்கிறேன்.

தங்கை
பலெர்மோ