நாற்பத்திரண்டாவது கை

டொமினிக்கின் வீட்டுச் சுவரில் நாற்பத்தொரு கைகள் ஆணியில் தொங்குகின்றன. எல்லாம் வெள்ளை. எல்லாம் மணிக்கட்டோடு முடிகின்றன. ஒவ்வொன்றின் கீழும் நீல எனாமல் பெயின்டில் ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு காரணம் எழுதியிருக்கிறது. "ஜொய்சன், 31ஆம் நாள்." "ஜொய்சன், முதல் நற்கருணை." "செபஸ்தியம்மா, கலியாணம் முடித்து 25 வருடம்." "ஜொய்சன், கம்பஸ் கிடைத்த நாள்."

வீடு திராய்மடுவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசையில் இருக்கிறது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் உள்ளே வருவதில்லை. "ஐயா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க, நான் வாசல்ல நிண்டு எழுதுறன்" என்பார். மகன் ஜொய்சனுக்கு அது பழகிப்போன பகிடி. "எங்கட வீட்டுக்குக் கள்ளன் வந்தா நாங்க கையைத் தூக்கத் தேவையில்ல. சுவரே தூக்கிக்கொண்டு நிக்கும்" என்று வந்தாறுமூலை கம்பஸ் நண்பர்களிடம் சொல்வான்.

டொமினிக்குக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் அறையில் வேலை செய்தவர். முறிந்த கைகளுக்கும் கால்களுக்கும் கட்டுப் போட்டு, ஆறு கிழமை கழித்து வெட்டி எடுப்பதுதான் தொழில். வீட்டில் கை வார்ப்பது பொழுதுபோக்கு. மற்ற வீடுகளில் பிள்ளை பிறந்தால், பரீட்சை பாஸானால் போட்டோ எடுப்பார்கள். இவர் கை எடுப்பார்.

வேலை கஷ்டமானதல்ல. கையில் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். பிளாஸ்டர் சுருளை மெல்லிய நாடாக்களாக வெட்டி, தண்ணீரில் தோய்த்து, விரல் விரலாகச் சுற்ற வேண்டும். பாதி இறுகியதும் பெருவிரல் பக்கமாகக் கத்தரியால் ஒரு கோடு வெட்டிக் கையை உருவினால், கையின் வடிவத்தில் ஒரு வெற்றுக் கூடு மிஞ்சும். வெட்டை ஒட்டி, மணிக்கட்டு வாய் வழியாகக் கரைத்த பிளாஸ்டர் மாவை ஊற்ற வேண்டும். அது இறுகியதும் கூட்டை உரித்து எறிந்துவிடலாம். ஒரு கூட்டுக்கு ஒரு கைதான். பிசகினாலும் கவலையில்லை. கைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருப்பார். இன்னொரு கூடு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் மட்டும் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கூட்டைக் கையில் பிடித்திருந்தால், காய்ச்சல்காரப் பிள்ளையின் கையைப் பிடித்தது போல இருக்கும். கால் மணி நேரம், சில வேளை அரை மணி நேரம். பிறகு ஆறிவிடும்.

டொமினிக் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஆரையம்பதியிலிருந்து ஒரு குடும்பம் ஓட்டோவில் வந்தது. வீட்டில் தகப்பனாரின் பிரேதம் கிடந்தது. அடக்கம் செய்ய முன் கையை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். டொமினிக் படலையிலேயே மறித்துவிட்டார். "சூடு இருக்கிற கையைத்தான் எடுப்பன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அப்படிச் சொன்னவரின் அலுமாரியில்தான் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

2004 டிசம்பர் 25ஆம் திகதி, மகள் நிலானிக்கு எட்டு வயது முடிந்தது. அப்போது குடும்பம் நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து, கேக் வெட்டி, பின்னேரம் டொமினிக் மகளின் வலக் கையைக் கூடு எடுத்தார். விரல்களை அகல விரித்து வைக்கச் சொன்னார். அவளும் வைத்தாள். வீட்டில் பிளாஸ்டர் மா முடிந்திருந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று, சைக்கிளில் நசியாமல் இருக்கக் கூட்டுக்கு மேலே தடிப்பாக இன்னொரு சுற்றுச் சுற்றினார். வெளியில் பார்த்தால் உரித்த தேங்காய் போல ஒரு உருண்டை. மறுநாள் விடிய ஐந்தரைக்கு அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை.

ஒன்பது மணிக்குக் கடல் வந்தது.

மனைவி செபஸ்தியம்மாவை வாவியில் ஒரு தோணிக்காரர் தூக்கினார். வலக் கைச் சுட்டுவிரல் முறிந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வேலி மரத்தில் அடிபட்டதென்று செபஸ்தியம்மா சொன்னார். அதற்கு டொமினிக்தான் கட்டுப் போட்டார். விரல் நேராகவில்லை. இன்றும் நடுமூட்டிலிருந்து வெளிப்பக்கம் கோணித்தான் நிற்கிறது. நிலானி கிடைக்கவில்லை. உடலும் இல்லை, வீடும் இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. மிஞ்சியது பையில் இருந்த கூடு மட்டும்.

அதை அந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார்கள், மா ஊற்றவில்லை. செபஸ்தியம்மா விடவில்லை. வருடா வருடம் 26ஆம் திகதிப் பூசையில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பட்டியலில் நிலானியின் பெயரைச் சேர்க்கவும் விடவில்லை. 2006இல் ஜொய்சன் பிறந்தான். சுவர் மறுபடி முதலாவது கையிலிருந்து தொடங்கியது. ஜொய்சனுக்கு எட்டு வயதானபோது டின்னைத் திறந்து, கூட்டுக்குள் தன் கையை விட்டுப் பார்க்க முயன்றான். தாயிடம் அவன் வாங்கிய ஒரே அடி அதுதான்.

சென்ற நவம்பர் வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. டின் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு டொமினிக் மூடியைத் திறந்தார். கூடு ஊறியிருந்தது. வெயிலில் வைத்து எடுத்தார். காய்ந்ததும் உள்ளிருந்து மா உதிரத் தொடங்கியது.

"செபஸ்தி, இது இந்த மாரியைத் தாண்டாது. ஊத்துவமா?"

"ஊத்தினாக் கூட்ட உடைக்கணும்."

"ஓம்."

"உடைச்சுப்போட்டா, அவ வந்து எதுக்குள்ள கையை வைக்கிற?"

ஜொய்சன் கம்பஸ் மூடியதால் வீட்டில் இருந்தான். "அக்கா இருந்தா இருபத்தொம்பது வயசு அம்மா. அந்தக் கூடு அவட கைக்குக் காணுமா?"

"நீ வாயப் பொத்து மனே. உனக்கு அவவைத் தெரியாது."

டொமினிக் மனைவியை விடவில்லை. "புள்ள, உதிர்ந்து போனா உள்ளுக்குள்ள இருக்கிற ரேகையும் போயிரும். மறுகா ஒண்டுமில்ல."

"செத்தவங்கட கையைச் செய்யமாட்டன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுறீங்க. இது ஆருட கை?"

"உயிரோட இருக்கக்க எடுத்த கை."

செபஸ்தியம்மா எழுந்து குசினிக்குப் போனார். அதன்பிறகு மூன்று நாள் வீட்டில் அந்தப் பேச்சில்லை. நான்காம் நாள் காலையில் அவரே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடியில் இரண்டு மேசைக்கரண்டி அளவு வெள்ளைத் தூள் கிடந்தது.

"அவட தோல் உதிருது" என்றார். "ஊத்துங்க. ஆனா சூடு ஆறுமட்டும் நான்தான் வைச்சிருப்பன். வேற ஆரும் தொடப்படா."

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, பகல் பதினொரு மணி. குழாய் வெள்ளத்தில் உடைந்து இன்னும் தண்ணீர் வரவில்லை. பவுசர் லொறியில் வந்த தண்ணீரைக் குடிக்க மூடி வைத்திருந்தார்கள். டொமினிக் கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். திராய்மடுவில் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கோடையில் அந்தக் கிணறுகள் உவர்க்கும், மாரியில் நல்ல தண்ணீர். டிசம்பரில் அதில்தான் சோறு சமைப்பார்கள், தேத்தண்ணி போடுவார்கள். பாவிக்க முன் யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் வெள்ளத்தை வடியவிட வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல் வெட்டப்பட்டு இரண்டு கிழமையாகியிருந்தது. வாவி கடலுக்குள் இறங்கி முடிய, கடல் வாவிக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. வாவியோரக் கிணறுகளுக்கும் அது அன்றுதான் வந்திருந்தது, இன்னும் யாரும் அறியவில்லை.

உப்புத் தண்ணீரில் கரைத்த பிளாஸ்டர் அவசரப்பட்டு இறுகிவிடும். பிளாஸ்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

மா ஒட்டாமல் இருக்க டொமினிக் கூட்டுக்குள் சவர்க்காரத் தண்ணீரை அலசி ஊற்றினார். மாவைக் கரைத்தார். முதல் கோப்பையை ஊற்றி, விரல் நுனிவரை போகக் கூட்டைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டினார். இரண்டாவது கோப்பைக்குத் திரும்பியபோது பேசினுக்குள் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. இழுத்தார். வரவில்லை. வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "கடல் தண்ணி. ஜொய்சன், பவுசர் தண்ணியக் கொண்டா, கெதியா! உள்ளங்கை பாதிதான் நிறைஞ்சிருக்கு, மேலால இன்னொரு கோப்பை ஊத்தலாம்."

செபஸ்தியம்மா அதற்குள் கூட்டை மடியில் எடுத்துவிட்டார். "வேணாம்."

"புள்ள, இஞ்ச தா. மணிக்கட்டு இல்லாமப் போயிரும்."

"வேணாம். சூடு வந்திட்டுது."

வழக்கமான சூட்டைவிட அது அதிகம். ஜொய்சன் ஒரு எட்டுத் தள்ளி நின்றும் ஈரச் சுண்ணாம்பு மணத்தோடு ஆவி எழுவதைப் பார்த்தான். தாயின் உள்ளங்கைகள் சிவந்துவிட்டன. அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் மெல்லிய குரலில் சொன்னார்: "பிடிக்கிறா."

"பிளாஸ்டர் இறுகக்க கொஞ்சம் ஊதும். அதுதான்" என்றார் டொமினிக்.

பதினேழு நிமிடத்தில் சூடு இறங்கத் தொடங்கியது. முழுதும் ஆறும்வரை செபஸ்தியம்மா கூட்டை மடியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு தானாகவே கணவரிடம் நீட்டினார்.

டொமினிக் முதலில் மேற்சுற்றை உரித்தார். தேங்காய் போன்ற உருண்டை கழன்றது. உள்சுற்று நாடா நாடாவாகப் பிரிந்தது. சுண்டுவிரல் முதலில் வெளியே வந்தது. நகம் கடித்திருந்தது. "அவதான்" என்றார். "எப்பவும் கடிப்பா. நான் ஏசுறனான்." பிறகு மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல். கடைசி நாடாவை எடுத்ததும் அவருடைய கை நின்றுவிட்டது.

விரல்கள் விரிந்திருக்கவில்லை.

நான்கு விரல்களும் உள்ளே மடிந்திருந்தன. எதையோ இறுக்கிப் பிடித்தது போல, பெருவிரல் மேலே பூட்டியிருந்தது. நடுவில் ஒரு துவாரம். ஒரு விரல் போகும் அளவு.

"நான் விரிச்சு வைக்கச் சொன்னன்" என்றார் டொமினிக். "விரிச்சுத்தான் வைச்சவ. மடக்கின கையில இருந்து கூட்ட உருவ ஏலாதே."

"வெள்ளத்தில ஊறிச் சுருங்கியிருக்கும் அப்பா" என்றான் ஜொய்சன். பகிடி எதுவும் அவனுக்கு வரவில்லை.

"இருக்கலாம்." உரித்த நாடா ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஊறின கூடு விரியும். சுருங்கி நான் காணல்ல."

செபஸ்தியம்மா வலக் கைச் சுட்டுவிரலை அந்தத் துவாரத்துக்குள் விட்டார். நடுமூட்டுவரை நேராகப் போனது. அதற்குப் பிறகு துவாரம் வெளிப்பக்கம் கோணியது. விரலும் கோணியது. அடிவரை சிக்காமல் போய் நின்றது.

கூடு எடுத்தது 25ஆம் திகதி பின்னேரம். அந்த விரல் முறிந்தது 26ஆம் திகதி காலை.

"வேலியில அடிபடல்ல" என்றார் செபஸ்தியம்மா. விரலை எடுக்காமலே பேசினார். "அவ இதைத்தான் பிடிச்சிருந்தவ. தண்ணிக்குள்ள. ரெண்டு தரம் எங்களச் சுத்தி எடுத்துது, விடல்ல. மூணாம் தரம் விரல் முறிஞ்சுது. நோவு தாங்கேலாம நான்தான் கையை உதறினன். அவ விடல்ல. நான்தான் உதறினன்."

இருபத்தொரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத பேச்சு அது. டொமினிக் அந்த விரலுக்கு ஆறு கிழமை கட்டுப் போட்டவர். ஒவ்வொரு முறையும் வேலி மரத்தைத் திட்டிக்கொண்டே கட்டியவர். அவர் நிலத்தில் குந்திக்கொண்டார். உரித்த நாடாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னுக்குள் போட்டார். பிறகு மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடு புள்ள. பிடிச்சது காணும்."

"நான் எடுக்கிறன். அவ விடட்டும்."

மத்தியானச் சாப்பாடு பிந்தியது. மூன்று மணி போல விரல் வெளியே வந்தது. இழுத்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் 26ஆம் திகதிப் பூசையில் நிலானியின் பெயர் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. பெயரைத் துண்டில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுத்தது செபஸ்தியம்மா. சுவரில் இப்போது நாற்பத்திரண்டு கைகள். கடைசிக் கைக்கு மணிக்கட்டு இல்லை, அதனால் ஆணியில் தொங்காது. கீழே ஒரு சின்னப் பலகைத் தட்டு அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் எழுதவில்லை, பெயர் மட்டும். செபஸ்தியம்மா காலையில் துடைக்கும்போது மற்ற நாற்பத்தொன்றையும் துணியால் துடைக்கிறார். அதை மட்டும் வெறுங்கையால்.

ஜனவரி பத்தாம் திகதி ஜொய்சனுக்கு இருபது வயது. குழாயில் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. டொமினிக் இரண்டு போத்தல் பிடித்து, வாயில் வைத்துப் பார்த்து, மூடி, பிளாஸ்டர் மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.