மயில் போட்ட பேஸ் பெட்டி

என் தாய்மாமன் வாசித்தது பேஸ் கிடார். ஊரில் மற்றவர் கிடாருக்கெல்லாம் ஆறு கம்பி இருக்க, அவருடையதில் நான்குதான். மிச்சம் இரண்டும் அறுந்துபோய்விட்டன, மாற்றிக்கொள்ள மாமாவுக்குச் சோம்பல் என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விடாமல் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் கடையைச் சாத்திவிட்டு ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இடது ஓரமாகப் போய் நின்றுகொள்வார். பாடுகிறவருக்கு மைக் உண்டு, டிரம்ஸ் அடிப்பவருக்குக் கைதட்டல் உண்டு. மாமாவுக்கு இரண்டும் கிடையாது. “நீ நிக்கிறது தெரியுது. வாசிக்கிறதுதான் தெரியல” என்பாள் அம்மா. அவளுக்கு ஒரே தம்பி; அதனால் எல்லாக் கேலியும் பங்கு பிரியாமல் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

மாமாவுக்கு வினை ஒரு கீபோர்டாக வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா ஓனர் புதிதாக ஒன்று வாங்கினார். வலது கையால் பாட்டை வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸையும் வாசித்துவிடலாமாம். ஒரு நாள் ஓனர் எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, தப்பா நெனைச்சிக்காத. உன் சத்தம் மேடைய வுட்டு கீழ எறங்கவே மாட்டேங்குது. கல்வராயன் மலைல கச்சேரி வருதில்ல, அதுல கடைசி வரிசைக்கு உன் பேஸு கேக்கணும். கேட்டா நீ இரு. கேக்கலன்னா அந்த எடத்துல கோரஸுக்கு ரெண்டு பொண்ணுங்கள நிக்க வெச்சிக்கறேன்.”

மாமாவுக்காக அம்மாதான் பேசினாள். “அது கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா. ஆனா இவன அனுப்பிடாதீங்க தம்பி. வூட்லயே குந்திக்கினு என் உயிர எடுப்பான்.”

கடைசி வரிசையில் கேட்டதா இல்லையா என்று யார் தீர்ப்புச் சொல்வது என்ற பேச்சு வந்தது. மாமா என்னைக் காட்டினார். “என் மருமவ பொய் சொல்ல மாட்டா.” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், என்னை அவளுக்குத் தெரியும். ஆனால் ஓனர் உடனே ஒத்துக்கொண்டார். போன பொங்கலுக்கு அவர் பாடி முடித்து இறங்கியதும், “எப்பிடி பாப்பா இருந்துது?” என்று என் கன்னத்தைக் கிள்ளியிருந்தார். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து என் நேர்மையில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அதுவரை மாமாவின் கிடார், பாட்டுக்காரர்களுக்கென்று வைத்த நீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளில்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. இனி தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். என்னையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனார். கடையில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கருப்பாக, பளபளவென்று இருந்தது. சத்தத்துக்குத் தக்கபடி சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் துள்ளின. என் ஓட்டு அதற்குத்தான். மாமா ஒரே ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். சர்க்கரை போடாத டீயைக் குடித்தவர் மாதிரி முகம் போயிற்று. “தகரம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு ஓட்டல் விசேஷத்தில், யாரோ வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் மாமா ஒரு சாயங்காலம் வாசித்திருக்கிறார். உள்ளே எல்லாமே பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு, ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கிடையாது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். கல்யாணம் ஆகாதவர் இப்படி ஒரு பெட்டியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த அக்காவுக்குத்தான் கவலையாக இருக்காது.

தேடித் தேடி நைனார்பாளையத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று அகப்பட்டது. கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அதற்கு ஓடியது. இப்போது அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “கோழி எழுந்திரிக்கட்டும்ங்க, அப்பறம் எடுத்துக்கினு போங்க” என்றார் அவர். மாமா தினமும் சைக்கிளில் போய்க் கோழியைப் பார்த்துவிட்டு வந்தார். குஞ்சு பொரித்த அன்று எங்கள் வீட்டில் இனிப்பு.

கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குழாய் ஸ்பீக்கருக்குள் பேஸ் மாதிரிக் கனத்த அடிச்சத்தம் போனால் உள்ளே இருக்கிற மெல்லிய தகடு கிழிந்துவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரிலேயே சின்னதாகக் கண்டென்சர் வைத்து, அடிச்சத்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் மாமாவின் வாத்தியத்தில் இருந்ததோ அடிச்சத்தம் மட்டும்தான். ஊரில் இத்தனை பெட்டி இருக்க, தன்னை உள்ளே விடாத பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார்.

அதைத் திருத்தும் வேலை ஆரம்பித்தது. சின்னக் கண்டென்சரைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போட்டார். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் ஓடுவது பொல்லாத கரண்டு, இரண்டு கையும் பட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று, ஒரு கையால்தான் வேலை செய்வார். இன்னொரு கை லுங்கி மடிப்புக்குள் போய்விடும். யாரோ பெரிய மனிதர் முன்னால் பவ்யமாக நிற்பது போலவே இருக்கும். அது மரியாதை என்று எடுத்துக்கொண்டு நானும் கொஞ்ச நாள் மிக்சிக்கு முன்னால் அப்படியே நின்றேன்.

குழாய் ஸ்பீக்கர் உதவாது, பெரிய வட்ட ஸ்பீக்கர் வேண்டும், அதற்குக் கனமான மரப்பெட்டி வேண்டும். மாமாவின் கண் அம்மாவின் கட்டில்மேல் விழுந்தது. சீர் வந்த தேக்குக் கட்டில். தலைமாட்டுப் பலகையில் எதிரெதிராக இரண்டு மயில்கள்.

“கட்டில்ல கை வெச்ச, சோத்துக்குக் கை இருக்காது” என்றாள் அம்மா.

“தலமாடு மட்டுந்தான்க்கா. தூக்கத்துக்கு மயிலு எதுக்கு?”

மூன்றாம் நாள் அம்மாவே போல்ட்டைக் கழற்றிக்கொடுத்தாள். கழற்றும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். அப்பாதான் பாவம், அன்றிலிருந்து தலையணை தலைமாட்டுப் பக்கமாகக் கீழே விழ, ராத்திரியில் எழுந்து எழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆக, மாமாவின் பேஸ் பெட்டிக்கு முன்பக்கம் இரண்டு மயில் அமைந்தது.

பரிசோதனைக்கு என்னைத் தெருமுனையில் நிறுத்தினார். அங்கிருந்து சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோடு. “சத்தம் வந்தா கையத் தூக்கு மருமவளே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். எந்தச் சத்தம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் லேசாக உறுமியபோதெல்லாம் கையைத் தூக்கினேன். கரும்பு டிராக்டர் ஒவ்வொன்று கடக்கும்போதும் அப்படி உறுமியது. என் கையை நம்பி மாமா கண்டென்சரை மாற்றி மாற்றிப் போட்டார். கரும்பு வெட்டாத பருவமாக இருந்திருந்தால் அந்த ஆம்ப்ளிஃபயர் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

நடுவில் அம்மா வாசலுக்கு வந்து கத்தினாள். “டேய், சமையல் ரூம்ல டம்ளரெல்லாம் தானா நடந்துக்கினு வருதுடா. நிறுத்தித் தொல.” மாமா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு என் கைதான் வேதம்.

மலைக்குப் போகும் நாளில் வால்வுகளைக் கழற்றி, பஞ்சு சுற்றி, ஒரு டிபன் பாக்ஸில் அடுக்கி என் மடியில் வைத்தார். உபரியாக ஒரு வால்வும் அதில் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறியது. கொண்டைஊசி வளைவுகளில் என் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் டிபன் பாக்ஸை மட்டும் இரண்டு கையாலும் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தேன். “பாத்தீங்களா, என் மருமவ” என்றார் மாமா பெருமையாக. என் தலையைப் பிடிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மலையில் பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று வெயில் இருக்கும்போதே கச்சேரியைத் தொடங்கிவிட்டார்கள். அறுவடையான சரிவில் கூட்டம். வால்வெல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது. உபரி வால்வு மட்டும் என் பொறுப்பில், டிபன் பாக்ஸோடு. கடைசி வரிசையில் விரித்திருந்த படுதாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

பாட்டு கேட்டது, டிரம்ஸ் கேட்டது, கீபோர்டு கேட்டது. மாமாவின் பேஸ் எது என்று தெரியவில்லை. படுதாவுக்குக் கீழே தரை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்தேன். அதற்குள் எனக்கு முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் தோளை ஆட்டினார்கள், அப்புறம் கைகோத்துக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். அதன்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் புடவை. பாடகி கட்டியிருந்த ஜரிகைத் தாவணியைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் வாந்தியெடுத்துக்கொண்டு வந்ததே.

நடுவில் ஊர்ப் பெரியவர்கள் மேடையேறி எல்லோருக்கும் துண்டு போர்த்தி, சந்தனம் கொடுத்தார்கள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வீணாக்க ஓனருக்கு மனசில்லை. டிரம்ஸுக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, மயிலுக்குக்கூட ஆளுக்கொன்று. பிறகு ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குனிந்து பார்த்திருக்கிறார். உள்ளே விளக்கு ஏற்றி வைத்தாற்போல வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. கையை வைக்காமல் அவர் வந்துவிடுவாரா. கொதிக்கிற கண்ணாடிமேல் குளிர்ந்த சந்தனம் பட்டதும் டிக்கென்று ஒரு சத்தம். வால்வுக்குள் வெள்ளியாக மின்னிய பூச்சு பால் மாதிரி வெளுத்துப்போய்விட்டதாம். அது செத்துப்போனதற்கு அடையாளம் என்று மாமா பிறகு சொன்னார்.

இதெல்லாம் பின்னால் இருந்த எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மைக்கில் வந்த அறிவிப்புதான்: “கடைசி வரிசையில் இருக்கும் பாப்பா, டிபன் பாக்ஸை உடனே மேடைக்கு அனுப்பவும்.” மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. தீர்ப்புச் சொல்கிறவள் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று நான் அசையவில்லை. பாக்ஸை மட்டும் நீட்டினேன். அது கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலாகப் போயிற்று. “பாடற பொண்ணுக்குப் பசி போலருக்கு, சீக்கிரம் குடுங்க” என்று ஒருவர் சொன்னார்.

மாமா வால்வை மாற்றி, அது சூடாகிற வரைக்கும்கூட ஓனர் பாட்டை நிறுத்தி வைக்கவில்லை. பேஸையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கீபோர்டுக்காரருக்குக் கண் காட்டினார். அவருடைய இடது கை வாசித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. தரை உறுமுவது நின்றுபோயிருந்தது. முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சட்டை மாட்டிவிட ஆரம்பித்தார்கள். எனக்கு மேடை பளிச்சென்று தெரிந்தது. ஜரிகைத் தாவணியைக் கண் நிறையப் பார்த்தேன். இரண்டு பாட்டுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. மறுபடி தரை உறுமியது, மறுபடி அவர்கள் எழுந்தார்கள், மறுபடி எனக்குப் புடவை.

கச்சேரி முடிந்ததும் ஓனர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

“பயப்படாம சொல்லு பாப்பா. உங்க மாமன் பேஸு கேட்டுதா?”

“கேக்கல.”

மாமா கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஜிப்பை இழுத்த கை பாதியில் நின்றது.

“நடுவுல கீபோர்டுல வாசிச்சாரே, அது?”

“அது நல்லா கேட்டுது.”

“பாத்தியா தம்பி, நான் ஒண்ணும் சொல்லல” என்றார் ஓனர். மாமா தலையை ஆட்டிவிட்டு ஜிப்பை முழுக்க மூடினார்.

நான் வந்த வேலை முடிந்தது. ஆனால் சொந்தக் குறை ஒன்று பாக்கியிருந்தது. “ஓனர் மாமா, அப்பிடியே கீபோர்டுலயே வுட்டுருக்கலாம். அப்பதான் எல்லாரும் ஒக்காந்துனு இருந்தாங்க, எனக்கு மேடை தெரிஞ்சுது. அப்பறம் மறுபடி எழுந்து ஆடி மறைச்சிட்டாங்க.”

“எப்ப மறுபடி எழுந்தாங்க?”

“ஜெனரேட்டர நிறுத்திட்டு மறுபடி போட்டீங்களே, அப்ப. கீழ தரையெல்லாம் உறுமிச்சே.”

“ஜெனரேட்டரா?” ஓனர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நாம எங்க ஜெனரேட்டர் கொண்டாந்தோம்? கோயில் கரண்டுலதான வாசிச்சோம்.”

டிரம்ஸ்காரர்தான் முதலில் சிரித்தார். ஓனர் மயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டேய், அத வேன்ல ஏத்தும்போது பாத்து ஏத்துங்கடா” என்று கீபோர்டுக்காரரிடம் சொன்னார். மாமா என்னை அப்படியே தூக்கிப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்கவில்லை என்று சொன்னவளை யாராவது தூக்கிக் கொஞ்சுவார்களா. மலைக்குளிரில் மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த கச்சேரி மணலூர்பேட்டையில். மாமா வழக்கம்போல இடது ஓரத்தில், மயில் பெட்டி பக்கத்தில் நின்றார். மேடைக்கு எதிரே முன்வரிசையில் ஓனரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, என்னை உட்காரச் சொன்னார். மறைக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. பெரிய மனுஷி மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். முதல் பாட்டிலேயே மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும், பதிலுக்கு நானும் சிரித்து வைத்தேன்.