சட்டை ரெடி

“தையல் கடையிலேருந்து பேசுறேன். உங்க சட்டை ரெடி. எப்போ வந்து வாங்கிக்கிறீங்க?”

காலை எட்டு மணிக்கே அக்கா போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. குடியை நிறுத்த மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதுபவர். முந்தின நாள் வரவேண்டியிருந்து வராமல் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு லாரி டிரைவரின் போனை அவருடைய முதலாளி எடுத்துவிட்டார். மறுநாளே டிரைவருக்கு வேலை போயிற்று. ஆள் அதன்பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்று திறந்ததுதான் இந்தத் தையல் கடை. புதிதாகப் பதிகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவைப்பார்: “சட்டை ரெடின்னு போன் வந்தா, உன்னைக் காணோம்னு நான் தேடுறேன்னு அர்த்தம். பேசாம கிளம்பி வந்துடு.”

“பதினெட்டு சட்டை ஆச்சுக்கா, ஒண்ணுகூட கைக்கு வரல” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கிண்டலடிப்பார்.

“நீ ஒழுங்கா மாத்திரை போடு. துணியை அப்புறம் பாக்கலாம்.”

ஜன்னலோரம்தான் அவர் மேசை. வாசல்வரை வந்து, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று தயங்கித் திரும்பிப் போகிறவர்கள் தினமும் உண்டு. மேசைக்கடியில் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடக்கூட நேரமில்லாமல் அக்கா அவர்கள் பின்னால் வெறுங்காலோடு ஓடுவார். “டோக்கன் போட்டாச்சுடா, வா!” டோக்கன் போட்டிருக்கமாட்டார்.

தொடர்ந்து மூன்று முறை வராதவரின் ஃபைல் பின் அறைக்குப் போய்விடும். மறுபடி வந்தால் புதிதாகப் பதிந்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். குடியை விடலாம் என்று ஒருவருக்கு வரும் மனசு இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் வராதவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் போடும் பெருக்கல் குறிகளில் மூன்றாவதை மட்டும் மாலை நான்கு மணிவரை போடமாட்டார்.

போன வாரம் அந்தக் குறி ஒரு பெயிண்டருக்காகக் காத்திருந்தது. நகத்திலுள்ள பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே முறை வரும்வரை உட்கார்ந்திருப்பவர் அவர். பதினோரு வாரம் தொடாமல் இருந்தார். பிறகு இரண்டு முறை வரவில்லை. போனும் அணைந்துகிடந்தது. கடைசியில் அவர் எழுதித் தந்திருந்த வீட்டு எண்ணுக்கு அக்கா போன் செய்து, வழக்கமானதைத் தெருப் பெயரோடு சொல்லிவைத்தார்.

மூன்றரைக்கு ஒரு பெண் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை.

“இந்தத் தெருவுல தையல் கடை எதுங்கக்கா? ரெண்டு தடவை நடந்துட்டேன். போன் வந்த நம்பரைக் காட்டினா இங்க போகச் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் பெயிண்டர். சட்டை ரெடின்னாங்க.” பையிலிருந்து பழைய சட்டை ஒன்றை எடுத்தாள். “ரொம்ப மெலிஞ்சுட்டாரு. அளவு மாத்தணும்னா இதைப் பாத்து மாத்துங்க. நாலு நாளா வீட்டுக்கு வரல. புதுச் சட்டையைக் காட்டினாலாவது…”

அவள் சுவரிலிருந்த போர்டை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“வாரா வாரம் இங்கதான் வந்துட்டிருந்தாரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே அக்கா.”

யாரிடம் மறைக்கவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும்? இத்தனை வருடத்தில் அக்கா அதை யோசித்ததே இல்லை.

நான்கு மணிக்கு அட்டெண்டர் வந்து, “நோட்டைக் குடுங்கக்கா, பூட்டணும்” என்றார். அக்கா குறியைப் போட்டார். ஃபைலை மட்டும் கொடுக்கவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார்: “வீட்ல யாருகிட்ட நான் உண்மையைச் சொல்லலாம்?” பெயிண்டரைப் பற்றித் தகவல் இல்லை. நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டிய, மெலிந்த மனிதர். இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அவர் காதுக்கும் எட்டட்டும். ஃபைல் பின் அறைக்குப் போகவில்லை.

மேசை இழுப்பறையில் இருக்கிறது, பெயிண்டரின் மனைவி விட்டுப்போன சட்டைக்கு அடியில். தினமும் காலையில் முதல் போனுக்கு முன்னால் அக்கா அந்தச் சட்டையை எடுத்து உதறி, காலரை நீவி, மறுபடி மடித்துவைக்கிறார்.