காது கொடுத்த மகள்

தையல் கடையில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காஜா எடுக்கும்போதும் ஊக்கு தைக்கும்போதும் வாய் சும்மா இருக்காது; ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். "உனக்கு ஸ்விட்ச் எங்கம்மா இருக்கு?" என்று கட்டிங் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

கல்யாணமான பிறகும் பாடினாள். மகள் பிறந்த பிறகும் பாடினாள். சாப்பாடு ஆறிப்போனதற்காகக் கணவன் ஒருநாள் விட்ட அறையில் இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது. ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. சுருதி பிடிபடவில்லை, பாட்டும் நின்றது.

"என்ன, ரேடியோ ரிப்பேரா?"

"சளி பிடிச்சிருக்கு மாஸ்டர்."

வருஷக்கணக்காகவா சளி பிடிக்கும்? நம்பாதவர்களும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லா அடியையும் தானே வாங்கிக்கொண்டால் மகள் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தாள். ஆனால் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த மகளுக்கு வயிற்றுவலி வந்தது. சாயங்காலமானால் சுருண்டுகொள்வாள். சோறு இறங்காது, படுக்கை நனையும். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்றார்கள். "நடிக்குது" என்றான் அவன்.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மகளையே கேட்டார்.

"எப்போ வலிக்கும் கண்ணு?"

"அப்பா வண்டி வரும்போது."

"வந்தா என்ன பண்ணுவே?"

"தெரு முனையில சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அம்மா சேலையை இழுப்பேன். அம்மாவுக்கு ஒரு காது கேக்காதுல்ல? அதான் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

காது கேட்காததை அவள் மகளிடம் சொன்னதே இல்லை. சேலையைப் பிடித்து இழுத்ததையெல்லாம் விளையாட்டு என்றல்லவா நினைத்திருந்தாள்!

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "பயம்தாம்மா. அடி உங்க மேல விழுது, வலி இவ வயித்துல போய் உக்காந்துக்குது. அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் கேக்காது."

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா எதுவும் கேட்காமல் தட்டு வைத்தாள். அவன் தேடி வந்து கத்தியபோது மாமா வாசலை மறித்து நின்றார். "பேசணும்னா போலீஸ் ஸ்டேஷன்ல வந்து பேசு" என்றார்.

இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் அக்கா வீட்டுத் தெருவில் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அது வேற யாரோ, தங்கம். நீ எழுது."

மகள் உட்கார்ந்தாள். முகம் மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது.

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அக்கா வந்து தோளைப் பிடித்தாள்.

"அவளுக்கு ஏழு வயசுதான்க்கா ஆகுது. எனக்குக் காவல் இருந்திருக்கா."