மகத்தன்று நான் நிறுத்தாத கார்

சென்ற ஆண்டு மாசி மகம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். செங்கல்பட்டில், நான் எப்போதாவது கார் வாடகைக்கு எடுக்கும் கடையின் வாசலில்தான் இது தொடங்கியது.

எங்களுக்குச் சொந்தமாகக் கார் இல்லை. வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் அந்தக் கடைதான். முன்பணம் கட்டி, அடையாள அட்டையின் நகலைக் கொடுத்துவிட்டு, வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். மகத்துக்கு மறுநாள் அப்படி ஒரு காரை எடுத்து, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் தங்கை குடும்பத்தைத் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டிப் போய்விட்டு, இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முன்பணத்தைக் கணக்குப் பார்த்து அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். அனுப்பினார், பாதிக்கும் குறைவாக.

நேரில் போய்க் கேட்டேன். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு, அங்கே தனியார் பார்க்கிங். அந்த வண்டி பணம் கட்டாமல் போய்விட்டதாகவும், திருவிழாக் கட்டணமும் அபராதமும் சேர்த்துக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். கைப்பேசியில் வந்திருந்த செய்தியை என் கண்ணெதிரே ஒரு முறை காட்டி, சட்டென்று எடுத்துக்கொண்டார். கட்டணம் எந்த நாளுக்கு என்று என்னால் படிக்க முடியவில்லை.

"நான் உள்ளே போகும்போதே பணம் கட்டி ரசீது வாங்கிட்டேனே" என்றேன்.

"சார், நீங்க போனதும் மாமல்லபுரம், பார்க்கிங் பாக்கி வந்ததும் மாமல்லபுரம். நடுவுல நான் யாரப் போய்க் கேக்கறது? அந்தம்மா வேற பேஜாரான ஆளு. தெனம் போன் பண்ணிக்கினே கீது. வண்டி அந்தப் பக்கம் வந்தா மடக்கிடுவேங்குது."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தேதி குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. கொளவாய் ஏரி எந்த நாளில் நிரம்பியது, எங்கள் தெருவுக்குப் புதிய தார் எப்போது போட்டார்கள், இப்படி யாருக்கும் பயன்படாத செய்திகள். ஆகவே ரசீதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வண்டியை எடுத்த காலையில் நாலு பக்கமும் எடுத்த படங்களும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன்.

"விட்டுத் தொலைங்க. வெயில்ல பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடணுமா?" என்றாள் மனைவி.

பணம்கூடப் பெரிதில்லை. திருவிழாக் கட்டணம் என்றால் அது மகத்தன்றுதான்; நான் இல்லாத ஒரு நாளில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே என்பதுதான் உறுத்தியது.

தோப்பில் அன்று ஏழெட்டு வண்டிகள்தான் நின்றன. உள்ளே கீற்றுக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு கால் முழுக்க மாவுக்கட்டுப் போட்ட நடுத்தர வயதுக்காரர் அதில் சாய்ந்தபடி, கையிலிருந்த ஊன்றுகோலை நீட்டி, பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வேனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "லெப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. போதும், மரத்த வூட்டுக்கு எடுத்துகினு போகப் போறியா?"

வாசலில் சங்கிலி பிடித்து நின்றவர் அவர் மனைவி. தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிங் நடத்துபவர். நான் உறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து விளக்கத் தொடங்கினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார்.

"நீ இல்ல" என்றார். "அவன் சின்ன வயசு. கைல காப்பு போட்டிருந்தான்."

"அதைத்தானே அம்மா நானும் சொல்ல வந்தேன். நான் வந்தது மகத்துக்கு மறுநாள்."

"மறுநாள் நாங்க எங்க இங்க இருந்தோம்? செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கெடந்தோம். எங்க ஓரகத்திதான் சீட்டு கிழிச்சிகினு இருந்தா."

கட்டிலிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "இன்னா விஷயம்? சார் வண்டியே இல்லாம பார்க்கிங்குக்கு வந்துகிறாரு?"

"அந்த வண்டிக்காரன் அனுப்பின ஆளுய்யா" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

மகத்தன்று காலையில் தோப்பு நிரம்பி வழிந்திருக்கிறது. கூட்டம் கலைவதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று அந்தக் கார் வேகமாகப் பின்னால் வந்திருக்கிறது. வழிகாட்டிக்கொண்டிருந்த கணவர் காருக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். காரின் பின்விளக்கு உடைந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. ஓட்டியவன் கண்ணாடியை இறக்கிப் பார்த்திருக்கிறான். பிறகு போய்விட்டான். கூட்டத்தில் யாரோ வண்டி எண்ணையும், பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த வாடகைக் கடையின் கைப்பேசி எண்ணையும் பார்த்துச் சொன்னார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போகலையா?"

"கேசுன்னு ஆனா தோப்புக்காரரு எடத்தக் காலி பண்ணச் சொல்லுவாரு. இத வுட்டா எங்களுக்கு இன்னா கீது? அதான் கடைக்குப் போன் பண்ணேன். இந்த மாரி எங்க வூட்டுக்காரரு கால் ஒடிஞ்சி கெடக்காருன்னேன். எங்க வண்டி அங்க வரவே இல்லன்னு வச்சிட்டாரு. மறுபடி பண்ணேன், எடுக்கல. எங்க ஓரகத்தி பையன் போன்லேர்ந்து பண்ணேன், திட்டனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கிங் பாக்கின்னு அனுப்பினேன். கால் மணி நேரத்துல அவரே கூப்புட்டாரு."

அந்தத் தோப்பில் உள்ளே நுழையும்போதே பணம் வாங்கிவிடுகிறார்கள். அங்கே பாக்கி என்று ஒன்று விழவே வாய்ப்பில்லை. நானே அப்படித்தான் கட்டியிருந்தேன். இத்தனை தாள்களை அடுக்கி எடுத்து வந்த எனக்கு இது தோன்றவில்லை.

"பொய்க் கணக்குதான் சார். நானா போட்டது. கால் ஒடஞ்சதுன்னா எவனும் வர்ல. பார்க்கிங்குன்னதும் பாரு, நீ பேப்பரத் தூக்கிகினு பஸ் ஏறி வந்துட்ட." அவர் குரலில் கோபம் இல்லை. "உன் பேர்ல போட்டுருவாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு தாள் குடு, இவரு ஒண்ணும் தர வேணாம்னு எழுதித் தரேன். உன் பணத்த வாங்கிக்க."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வந்த காரியம் முடிந்தது.

"டப்பு வாணாம் சார் எங்களுக்கு" என்றார் கணவர், நான் எழுந்தபோது. "வைத்தியம் நடந்துகினு கீது. அவன ஒருவாட்டி பாக்கணும், அவ்ளோதான்."

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் மலை தெரியும் வரை அந்தத் தாளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கடைக்காரரிடம் நீட்டினால் என் பணம் உடனே வந்துவிடும். ஆனால் அந்த அம்மாவிடம் கடைக்காரரைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு பொய்ப் பாக்கி மட்டும்தான். அவரே எழுதிக் கொடுத்த தாளால் அதையும் நான் தீர்த்துவிடுவேன். அதன் பிறகு அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கடையில் யாரும் எடுக்கப் போவதில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். தாளைக் காட்டவில்லை. பாக்கி எனக்கு உரியது இல்லை, அது மகத்தன்று வண்டியை வைத்திருந்தவருக்கு உரியது, அவரை அழைத்துக்கொண்டு நீங்கள் வந்தால் நானும் வருகிறேன், நேரில் தீர்த்துக்கொள்வோம் என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பிடித்த பணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தாங்க சார். முழுசா கீது. போனா போவுது, நான் பாத்துக்கறேன்."

பணத்துக்காக மட்டும் போயிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அதைக் கையில் தொடாமல் உட்கார்ந்திருப்பது கடினமாகத்தான் இருந்தது.

"மகத்தன்னிக்கு வண்டி யார்கிட்ட இருந்தது?"

"அன்னிக்கு வண்டி வெளியவே போவல."

கைப்பேசியில் இருந்த படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். மகத்துக்கு மறுநாள் காலையில் எடுத்தது. இடப்பக்கப் பின்விளக்கு பளபளவென்று புதிதாக இருந்தது, கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரிக்கப்படவில்லை. வலப்பக்க விளக்கு மங்கிப்போன பழையது. எடுத்த அன்று எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெளியே வண்டி கேட்டு வந்த ஒருவரை, "அப்பறம் வாப்பா" என்று அனுப்பிவிட்டார்.

"என் மச்சான் சார். பொண்டாட்டியோட தம்பி. ஃப்ரெண்ட்ஸோட போனான். மரத்துல லேசா இடிச்சிச்சின்னான், லைட்ட மாத்தினேன். அந்தம்மா போன் பண்ணப்பதான் எனக்கு ஆளு அடிபட்ட விஷயமே தெரியும். வூட்ல சொன்னா என் மாமியாருக்குத் தாங்காது. அவனுக்குக் கல்யாணம் வேற பேசிகினு இருக்காங்க." குரல் தணிந்தது. "இன்னா பண்றது சொல்லுங்க."

அவர்கள் பணம் கேட்கவில்லை, அவனை ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது அவரை இன்னும் கலக்கியது போலிருந்தது. பணம் என்றால் அவர் பேரம் பேசியிருப்பார். மேசைமேல் இருந்த பணத்தை எடுக்காமலே எழுந்து வந்தேன்.

இரண்டு ஞாயிறுகள் கடைக்காரரிடமிருந்து தகவல் இல்லை. மூன்றாவது ஞாயிறு காலையில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அதே கார். கடைக்காரர் ஓட்டினார். பின்னிருக்கையில் ஒரு இளைஞன், என்னைக் கண்டதும் காப்புப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். நான் முன்னால் ஏறிக்கொண்டேன், மாமல்லபுரம் தோப்புக்குப் போனோம்.

வண்டியை அடையாளம் கண்டு அந்த அம்மா சங்கிலியை இறக்காமல் நின்றார். நான் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் இறக்கினார். பின்னிருக்கையிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் கையால் கொட்டகையைக் காட்டினார்.

கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "வா, ஒக்காரு" என்றார். இளைஞன் உட்காரவில்லை. கடைக்காரர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"நீ இருப்பா. நான் தம்பிகிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன்." அவர் குரல் உயரவில்லை. "கண்ணாடிய எறக்கி என்னப் பாத்தல்ல? இன்னா பாத்த?"

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நீங்க வாயத் தொறந்து கத்தறது தெரிஞ்சிதுண்ணா. சத்தமே கேக்கல எனக்கு. பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன்" என்றார் அவர். "நீ எறங்குவன்னு நெனச்சேன்."

அவன் அழுதான். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அந்த அம்மா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒரு வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கப் போய்விட்டார்.

கட்டுப் பிரிக்கும் வரை ஆஸ்பத்திரிச் செலவையும், கணவருக்குப் பதிலாக வண்டிகளுக்கு வழிகாட்ட வைக்கும் கூலியாள் செலவையும் ஏற்றுக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். பெரும்பாலும் சொன்னபடி செய்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த இளைஞனும் சில ஞாயிறுகளில் வந்து வண்டிகளுக்கு வழிகாட்டினானாம். பிறகு வருவதை நிறுத்திவிட்டான். கணவரின் கால் முழுதாகச் சரியாகவில்லை, இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று என்னால் எழுத முடியாது.

அன்று தோப்புக்கு உறையோடு போகும்போது, சரியான தேதியைக் காட்டிவிட்டால் வழக்கு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். என் தேதி சரிதான், அந்த அம்மாவின் கணக்கு பொய்தான், ஆனாலும் எங்கள் இருவரில் உண்மையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் நியாயமே இல்லாத ஒன்றைக் கேட்டு வந்து நின்றால், மறுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம், இவர் இதற்கு முன்பு நியாயமாகக் கேட்டபோது யார் போனை வைத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.