குத்தம்பாக்கம் கொய்யாத் தோட்டத்தில் மழை ஓடிய வழி

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு ரேவதியுடையது. கணவர் குமாருக்குத் தொழிற்சாலையில் வேலை. இருவரும் திண்டுக்கல் பக்கம். குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு கொய்யாத் தோட்டம் வாங்கி, ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். போன கார்த்திகையில் ஒருநாள், "அக்கா, நீங்களும் வாங்க. இவரு திரும்பவும் உழப் போறாராம். நான் சொன்னா கேக்கல," என்று ரேவதி கூப்பிட்டாள்.

குமார் முன்னாலேயே பைக்கில் கிளம்பிவிட்டார். நாங்கள் காலை ஏழு மணிக்கு பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய், அங்கிருந்து ஆட்டோ எடுத்தோம். முந்நூறு ரூபாய். "அந்தாண்ட ஒரே சேறா கீதும்மா, வண்டி போவாது," என்று ஓட்டுநர் தார்ச்சாலையிலேயே இறக்கிவிட்டார். மீதி ஒரு கிலோமீட்டரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

தோட்டம் ஏரிப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. மரங்களுக்கு நடுவே புல் முளைக்கவே விடாமல் குமார் மாதாமாதம் உழுதுவந்தார். காரணம் இருந்தது. மகள் விளையாடிய இடத்தில் ஒருமுறை விரியன் பாம்பைப் பார்த்திருக்கிறார். ஆனால் முந்தின வார மழை வரிசைகளுக்கிடையே முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. வேர்கள் வெளியே தெரிந்தன. காய்த்த மரங்கள் இரண்டு சாய்ந்து கிடந்தன.

"டிராக்டர் வருது. உழுது சமப்படுத்திட்டா சரியாயிடும்," என்றார் குமார்.

"சமப்படுத்தின மண்ணுதானே போன வாரம் ஏரிக்குப் போச்சு?" என்றாள் ரேவதி.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ரூமில் ஒதுங்கினோம். டிராக்டர் திரும்ப இடமில்லாததால் அந்த ரூமைச் சுற்றி மட்டும் புல் வளர்ந்திருந்தது. உழுத பக்கத்திலிருந்து தண்ணீர் செங்குழம்பாக இறங்கியது. புல்லுக்குள் புகுந்த மழையோ மெதுவாக, ஏறக்குறைய தெளிவாக வெளியே வந்தது. குமார் நனைந்துகொண்டே போய் இரண்டுக்கும் நடுவே நின்றார். குனிந்து செந்தண்ணீரை அள்ளி, விரல் வழியே வழியவிட்டார். உள்ளங்கையில் மண் தங்கியது.

மழை விட்டதும் டிராக்டர்காரர் வந்தார். "இன்னா சார், ஆரம்பிக்கலாமா?"

"வேணாம்ப்பா. வந்துட்டுப் போனதுக்குக் காசு வாங்கிக்க."

ரேவதி சாய்ந்த மரத்தின் வேரை மண் போட்டு மூட ஆரம்பித்தாள். நானும் மண்வெட்டியை எடுத்தேன்.

இந்த ஐப்பசியில், நல்ல மழைக்குப் பிறகு, மறுபடி போனேன். சரிவுக்குக் குறுக்கே வரப்புகள். புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை மரத்தடியில் மூடாக்காகப் போட்டிருக்கிறார்கள். மகள் நடக்கும் பாதை மட்டும் வெறும் தரை. சாய்ந்தவற்றில் ஒரு மரம் பிழைக்கவில்லை. காய்ப்பு கூடியதாகவும் சொல்ல முடியாது. "பாக்கக் காடு மாதிரிதான் இருக்கு," என்று குமார் இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் புதிதாக ஒரு வேர்கூட வெளியே தெரியவில்லை.

இந்தப் பக்கம் தோட்டம் வாங்க நினைப்பவர்கள் வெயில் நாளில் போய் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மழை பெய்யும்போதே குடையோடு போய், தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளியேறும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால், நீங்கள் வாங்க வந்த நிலம்தான் உங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.